அடிக்காத மணியும் ஆண்டவர் சித்தமும்

சேசு மரி சூசை

காக்ஸ் டவுன், பெங்களூர் தண்டு
24-4-1934

குமாரன் நோயலுக்குத் தகப்பன் எழுதுவது. சர்வேசுரனுடைய கிருபையால் இங்கே எல்லாரும் தேக சுகமாயிருக்கிறோம். நீயும் அவ்வாறே இருப்பதாக உன் கடிதத்தின் முதல் வரியில் கண்டேன். பின்வந்த நான்கு பக்கங்களையும் கோபத்தோடே படித்து முடித்தேன். நீ வரிசை தப்பி எழுதியதை நான் வரிசையாக எழுதுகிறேன். ரயில் வருமுன் ரயில்வே கேட்டை மூடும்படி கேட்காரனுக்கு மணி அடிக்க வேண்டியது ஸ்டேஷனில் இருந்த உன் வேலை. சீட்டாட்டத்தில் உட்கார்ந்து நீ அடிக்கவில்லை. திறந்திருந்த கேட்டில் மாட்டுவண்டி அடிபட்டு வண்டிக்காரனுக்கு ஒரு கால் போயிற்று. அதன்பின் நீ ஸ்டேஷன் பதிவுப் புத்தகத்தை எடுத்து, மணி அடித்ததாக நேரம் குறித்துக் கையெழுத்திட்டாய். இப்போது கேட்காரன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, மே பத்தாம் தேதி விசாரணைக்கு நிற்கப் போகிறான். நான்கு பக்கம் எழுதியவன் அந்த மனிதனுடைய பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதியதெல்லாம் ஞானோபதேசம். ஆதாமின் பாவத்தால் மனித சுபாவமே கெட்டதாம். நீ பொய்க் கையெழுத்திடுவாய் என்று உலகம் உண்டாகுமுன்னே சர்வேசுரன் அறிந்திருந்தாராம். அவர் அறிந்தது நடவாமற் போகுமோ என்று, பதினெட்டு வருஷமாய்க் கோயில் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் நடத்தும் என்னையே கேட்கிறாய். ஜென்மப் பாவம் நம்மைச் சாய்க்கும், தள்ளாது. எட்டு வயதில் நீயே இதை என்னிடம் ஒப்பித்தாய். இந்த வரிக்கு வரும்போது கடிதத்தைக் கசக்கி எறியப் பார்ப்பாய் என்று எனக்கு இப்போதே தெரியும். ஐந்நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் நானா உன் கையைப் பிடித்துக் கசக்குகிறேன்?

உன் தாய் பிரிஜெட், சாத்தான் பண்ண வேலைக்குப் புள்ளய ஏன் வையிறீங்க என்று அழுது, மந்திரித்த தீர்த்தத்தைப் புட்டியில் அடைத்து உனக்குப் பார்சல் கட்டுகிறாள். நான் தடுக்கவில்லை. ஆனால் ரயில்வே புத்தகத்தில் கையெழுத்திடச் சாத்தானுக்கு அதிகாரமில்லை. ஞாயிறன்று உன் தங்கை ஜூடித்தின் கல்யாண ஓலை கோயிலில் முதல் தடவை வாசித்தாயிற்று. உன் வேலை போனால் ஒக்கலிபுரத்து மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கக்கூடும். உன் மாமன் ரெமிஜியஸ் வந்து, உங்க சட்டத்தையெல்லாம் ஸ்கூலோட வச்சுக்குங்க மச்சான், எவனோ ஒரு கேட்காரனுக்காகப் பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துக்குவீங்களா என்று ஏசிவிட்டுப் போனான். ஜூடித் மட்டும், அந்தக் கேட்காரருக்கும் கட்டிக்குடுக்கற வயசுல பொண்ணு இருக்குதாப்பா என்று கேட்டாள்.

உன் நான்கு பக்கங்களையும் உள்ளே வைத்து, விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, உறை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். நேற்றுத் தபால் பெட்டி வரை போய்த் திரும்பினேன். நான் போட்டால் அந்தக் கேட்காரன் பிழைப்பான், நீ பொய்யனாகவே நிற்பாய். உண்மையை நீயே சொல்ல உனக்கு இடம் விடவே திரும்பினேன். இதுவும் என் பாவமாயிருக்கலாம், ஏனெனில் என் பொறுமைக்கு ஒவ்வொரு நாளும் பட்டினி கிடப்பவன் அவன். சர்வேசுரன் உலகமுடிவு வரை பொறுப்பார். நான் மே ஐந்தாம் தேதி மாலைத் தபால் வரை பொறுப்பேன். அதற்குள் ஒப்புக்கொண்டதாக உன் தந்தி வராவிட்டால் உறை போகும். அன்று வேலை போனால் ஆண்டவர் சித்தமென்று யாருக்கும் எழுதாதே. அது உன் தகப்பன் சித்தம்.

முதலில் மேலதிகாரியிடம் போ, பிறகு சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. இந்த வரிசை மாறக்கூடாது. தேவமாதா உனக்குத் தைரியம் பெற்றுத் தருவாளாக.

ஆசீர்வாதத்துடன்,
உன் தகப்பன்
அ. டொமினிக்