கிணற்றடி ஹைட்ரேஞ்சியா

என் பிரியமான உங்களுக்கு,

இந்த ஒரு வரியை எழுதவே அரை மணி நேரம் ஆயிற்று. நாற்பத்தொரு வருஷமாக 'ஏன்னா' என்றே கூப்பிட்டுப் பழகியவள். பேரை எழுத இப்போதும் கை வரவில்லை. அதனால் வெறும் 'உங்களுக்கு'. படிக்கிற மற்றவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. முல்லைக்கொடி சமாளித்துக்கொள்கிறது. கிணற்றடியில் நீங்கள் விட்டுப் போன ஹைட்ரேஞ்சியா தொட்டிதான் என் பிராணனை வாங்குகிறது. பதினோரு மணிக்கெல்லாம் இலைகள் துவண்டு தொங்கிவிடுகின்றன. அவ்வளவுதான், போயிற்று என்று நான் பதறித் தண்ணீர் ஊற்றினால், சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. தினமும் இதே நாடகம்.

இதை எதற்கு வாங்கினீர்கள் என்று எனக்கு அன்றைக்கே புரியவில்லை. நம் கொல்லையில் பூ என்றால் முதலில் பெருமாளுக்கு, மிச்சம் என் தலைக்கு. வாசனை இல்லாத பூவைப் பெருமாளுக்குச் சாத்துவதில்லை என்று சொல்லி, பக்கத்து வீட்டு மாமி ஆசையாகக் கொடுத்த காகிதப்பூச் செடியையே திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தில் அப்படி ஒரு கண்டிப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒரு மல்லிகையை மூக்கருகே கொண்டுபோனதற்கு எவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

அப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனியில் ஆட்டோவிலிருந்து ஒரு தொட்டியை இறக்கினீர்கள். நீல நீலமாக, பூரிக்குப் பிசைந்து வைத்த மொத்த மாவு அளவில் நாலு கொத்து.

"இது பெருமாளுக்கு ஆகுமோ?" என்று கேட்டேன்.

"ஆகாது."

"என் தலைக்கு?"

"இதைத் தலையில வச்சுண்டா நன்னாவா இருக்கும்?"

"பின்னே எதுக்கு?"

"சும்மா இருக்கட்டுமே, வைதேகி. பாத்துண்டிருக்கலாம்."

காலையில் இரண்டு மணி நேர வெயில், அப்புறம் முழு நிழல் என்று கொல்லை முழுவதும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்து, கடைசியில் கிணற்றடிச் சுவரோரம் இடம் பிடித்தீர்கள். மறு வருஷம் அது ரோஸ் நிறத்தில் பூத்தபோது, உங்களை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். தினமும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அதன் எதிரில் உட்கார்ந்துகொள்வீர்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமை என்று இப்போது சொல்வதில் என்ன வெட்கம்?

இந்த வருஷம் அது பூக்கவே இல்லை. இலை மட்டும்தான். பெருமாளுக்கும் ஆகாமல், யாருக்கும் ஆகாமல் நிற்கிற செடிக்கு இரண்டு வேளை குடம் தூக்க என் முழங்காலால் முடியவில்லை. போன வியாழக்கிழமை தொட்டியை ஆட்டோவில் காலடியில் வைத்துக்கொண்டு, ஜீயபுரம் போகிற வழியில் நீங்கள் வாங்கிய அந்த நர்சரிக்கே திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நர்சரியைப் பார்த்துக்கொள்ளும் பெண் பெயர் செல்வி. தொட்டியைப் பார்த்ததுமே, "ஐயா வரலைங்களா?" என்றாள். சொன்னேன். கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். பிறகு செடியின் அடியைத் தடவிப் பார்த்து, "யாரும்மா இதை இப்படி மொட்டையடிச்சது?" என்றாள்.

நான்தான். காய்ந்த கொத்துகளோடு நிற்கிறதே என்று தை மாதம் அடியோடு வெட்டிவிட்டேன்.

"பழைய தண்டுலதாங்கம்மா அடுத்த மொட்டு கட்டும். காஞ்ச பூவை மட்டும் கிள்ளிட்டு விட்டிருக்கணும். செடி நல்லாத்தான் இருக்கு. மலையில நீலமாப் பூக்கும், நம்ம உப்புத் தண்ணிக்கு ரோஸாத்தான் வரும். வாங்குறப்பவே ஐயாகிட்ட சொன்னேன். நிறம் எதா இருந்தா என்னம்மா, வாசனை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்னாரு."

"இருக்கக் கூடாதுன்னா?"

"ஆமாங்கம்மா. வாசனையே இல்லாத பூவா குடுன்னு கேட்டாரு. எல்லாரும் வாசனைப் பூ கேப்பாங்க, இவரு இப்படிக் கேக்குறாரேன்னு எனக்கே சிரிப்பு. இதுல துளிகூட இல்லையான்னு கேட்டு என்னைய மோந்து பாத்துச் சொல்லச் சொன்னாரு. ரெண்டு தடவை."

பூவை முகரக் கூடாது என்ற வழக்கத்தை விடாமல்தான் அவளை முகரச் சொல்லியிருக்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பெருமாளுக்கு ஆகாத பூவில் என்ன வழக்கம்? அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று அந்தப் பால் ஞாபகம் வந்தது.

நீங்கள் தொட்டி வாங்குவதற்கு ஒரு வாரம் முன்னால். தையில் உங்களைப் படுக்கப் போட்ட காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலிலேயே கருகல் நெடி. நீங்கள் சமையலறைக்குப் பக்கத்து அறையில் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "தெருவே நாத்தம் அடிக்கறது. உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ?" என்று கத்தினேன். நீங்கள் கரிப்பாத்திரத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், சிரித்து மழுப்பிவிட்டீர்கள்.

இல்லையா? காய்ச்சலோடு அது போய்விட்டதா? யாருமே பூவை முகராத வீட்டில் ஒருவருக்கு முகர முடியவில்லை என்பது யாருக்குத் தெரியும்? அதுதான் உங்களுக்கு வசதியாகப் போயிற்றா?

இதையெல்லாம் நானாகக் கட்டிக்கொள்கிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. டாக்டரிடம் போய்க் கேட்டால், காய்ச்சலுக்குப் பிறகு அப்படி ஆவதுண்டு என்கிறார், உங்களுக்கு ஆனதா என்று அவருக்கும் தெரியாது. உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

ஆனால் ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தக் காய்ச்சல் வரைக்கும், சாயங்காலம் நான் முல்லையைத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால், "வாசல் வரைக்கும் வந்துடுத்து" என்பீர்கள். தினமும் அதே நாலு வார்த்தை... இல்லை, மூன்றுதான். அதற்கப்புறம் நிறுத்திவிட்டீர்கள். கிழவியாகிவிட்டேன், இனிமேல் என்ன என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப வலித்தது. ஒருநாள் பூ வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். "ஏன் தலை வெறுமனே இருக்கு?" என்று கேட்டீர்கள். "யாருக்காக வச்சுக்கணும்?" என்றேன். நீங்கள் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள்.

காபியை மட்டும் கடைசி நாள் வரை "பேஷ், வாசனை தூக்கறது" என்றீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? காபிக்குப் பொய் சொல்லத் தெரிந்தவருக்கு முல்லைக்குச் சொல்ல ஏன் வரவில்லை? என் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தீர்களா? இல்லை, என்னிடம் வந்தபோது மட்டும் தாங்க முடியவில்லையா? யாருக்குமே வாசனை இல்லாத இந்த ஒரு பூவில் உங்களுக்கு மட்டும் எதுவும் குறைவில்லை என்றுதான் அதன் எதிரில் போய் உட்கார்ந்தீர்களா?

எனக்குப் புரியவில்லை. கோபமா அழுகையா என்றும் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பாலுக்குக் கத்தியிருப்பேனா?

செல்வி, மலையிலிருந்து புதிதாக வந்த தொட்டி ஒன்றின் நீலக் கொத்தை என் பக்கம் நீட்டி, "நீங்களே மோந்து பாருங்கம்மா" என்றாள். நாற்பத்தொரு வருஷப் பழக்கம், தலை தானாகப் பின்னால் போயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொட்டியை அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தண்டை இனிமேல் வெட்டமாட்டேன். இரண்டு வேளையும் குடம் தூக்குவேன். அது பூக்கிற அன்றைக்கு நம் வீட்டு வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறி, முகத்தைப் பூவுக்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பேன். ஒன்றும் வராது என்று தெரியும். முல்லையோடு நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று எனக்கு அந்த மட்டுக்காவது தெரிய வேண்டும்.

அதுவரை தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் ஆத்துக்காரி
வைதேகி