உள்ளான் அட்டை

18-1-1972
பால்வாடிக்குப் புது அட்டைகள் பதினாறு தயார். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, கொக்கு, நாரை, மீன்கொத்தி, உள்ளான் எல்லாம் நானே வரைந்தேன். செம்போத்து காக்கை மாதிரி வந்திருக்கிறது. போகட்டும். பிள்ளை ஓர் அட்டையை எடுத்து, பேர் சொல்லி, அதுபோலவே நடந்து காட்டி, எங்கே பார்த்தது என்றும் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியவருக்கே அட்டை.

சாயங்காலம் அப்பா முகம் செத்துப்போய் வந்தார். அறுப்பு முடிந்ததும் வயலை விட்டுவிட வேண்டும் என்று மிராசுதார் தியாகராசன் சொல்லிவிட்டாராம். இருபத்திரண்டு வருஷமாக அப்பா குத்தகைக்கு உழும் ஐந்து மா நிலம். குத்தகைக்காரன் பேரைச் சர்க்கார் பதிவு செய்யப்போகிறது என்று தெரிந்ததும் இந்த வேலை. நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

"விடும்மா வேம்பு, பெரிய எடம்" என்கிறார் அப்பா.

விடுவேனா?

21-1
சோறு இறங்கவில்லை. அந்த மனுஷன் வயிறும் எரியணும். ஊர் பார்க்க எரியணும்.

25-1
பிப்ரவரி நாலாம் தேதி தாசில்தார் விசாரணைக்கு வருகிறார். இடம், பால்வாடி நடக்கும் இதே மிராசுதார் பண்ணைக் கொட்டகை. நடவு நடுகிற ராமாயி அக்காவைச் சாட்சிக்குக் கேட்டேன். "அப்பறம் எனக்கு யாரு வேலை குடுப்பா, நீயா?" என்றது. கோபம் வந்தது. ஆனால் கேட்டது நியாயம்தான்.

27-1
மிராசுதாரின் பேத்தி குஞ்சிதம் — நாலு வயசு, வேலைக்காரி கொண்டுவரும் தனிப்பாயில்தான் உட்காருவாள் — இன்று பாயை விட்டு இறங்கி, உள்ளான் மாதிரி மூக்கால் தரையைக் குத்திக் காட்டினாள். சிரித்துவிட்டேன். தாத்தா உள்ளான் சுடுவாராம், அவளே சொன்னாள்.

ஆமாம். தை மாசமெல்லாம் துப்பாக்கியோடு வரப்பில் அலைகிறவர். உள்ளான் எங்கே இறங்கும் என்று அவரிடம் யாராவது தப்பாகச் சொன்னால் போதும், முடிக்கவிடாமல் திருத்துவார். பண்ணை வீட்டில் வயலுக்குச் சர்வே நம்பரா சொல்கிறார்கள்? ரெத்தினம் குத்தகை, ஐயாவு குத்தகை — அப்படித்தான் பேர். ரெத்தினம் என் அப்பா.

ஒன்று தோன்றுகிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

28-1
உள்ளானை எங்கே பார்த்தாய் என்று கேட்டால் "ஆத்துல" என்று சொல்லும்படி குஞ்சிதத்துக்குப் பழக்கினேன். பத்துத் தடவை. வேண்டுமென்றே பிள்ளைக்குத் தப்பைச் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான் ஒருத்திதான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன்.

4-2
விழுந்தார்!

காலை விசாரணையில் மிராசுதார், எல்லாம் சொந்தச் சாகுபடி, ரெத்தினம் வெறும் கூலியாள் என்று கூசாமல் சொன்னார். அப்பா தூண் ஓரம் போய் ஒதுங்கிக்கொண்டார். காப்பி வந்தது. பால்வாடியையும் பாருங்கள் என்று தாசில்தாரை எங்கள் பக்கம் அழைத்துவந்து, நான் நினைத்தபடியே பேத்தியை முன்னால் நிறுத்தினார். உள்ளான் அட்டையைக் கொடுத்து, எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"உள்ளான். ஆத்துல" என்றாள் குஞ்சிதம்.

"ஆத்துல ஏதுடி உள்ளான்? ரெத்தினம் குத்தகையிலதான் சேறு காயாம கெடக்கும். அங்கதான் எறங்கும்."

தாசில்தார் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு குத்தகைங்க?"

அந்த முகம் போன போக்கு! கூட்டத்திலிருந்து ராமாயி அக்கா, "அதான் அவங்களே சொல்லிட்டாங்களே. இருவத்திரண்டு வருசமா ரெத்தினந்தான் உழுவுறாரு" என்றது. பிறகு நாலு பேர் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

நான் போய் அட்டையை நீட்டினேன். "திருத்துனவங்களுக்குத்தாங்க அட்டை." என்ன என்று தெரியாமலே கை நீட்டி வாங்கிக்கொண்டார். இந்த ஜென்மத்துக்கு எனக்கு இது போதும்.

5-2
கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பால்வாடிக்கு வாய்க்கால் கரைப் புங்கமரம் இருக்கிறது.

11-2
குஞ்சிதம் வருவதில்லை. கோயில் பக்கம் வேலைக்காரியோடு பார்த்தேன். தப்பாகச் சொன்னதற்கு அன்றைக்கே தாத்தா கன்னத்தில் அறைந்தாராம். குஞ்சிதம் என்னையே பார்த்தாள்.

"நீங்கதானே டீச்சர் ஆத்துலன்னு சொன்னீங்க?"

அந்த ஆள் மேல இருக்குற ஆத்திரம் துளி குறையலை. ஆனா இந்தப் புள்ள எனக்கு என்ன செஞ்சுச்சு?

9-5
பதிவேட்டில் ஏறிவிட்டது. ரெத்தினம், குத்தகைதாரர். அப்பாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

14-7
வாய்க்காலில் தண்ணீர். அப்பா விடிந்ததும் குளித்துவிட்டுப் போனார். ஏர் வீட்டிலேயே கிடந்தது. தேடிப் போனால், பண்ணை வீட்டுக் கொல்லைவாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"இங்க என்னப்பா?"

"ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா வயல்ல எறங்குறது?"

கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வரப்புக்கு வந்தும் உட்கார்ந்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் முதலில் இறங்கினேன். வெகுநேரம் கழித்து, பின்னால் தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.