தொட்டியில்லாத வெந்நீர்

உ

ஆம்பூர்
4-12-1963

சௌபாக்கியவதி மனோரமாவுக்கு அம்மா பூங்காவனம் எழுதிக்கொண்டது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க அந்த முருகன் துணை. இங்கே அப்பாவும் நானும் சுகம். நான் சுகமாக இருப்பதே பெரிய கதை, உட்கார்ந்து படி.

உன் அம்மா வீட்டில் வெந்நீருக்கே வழியில்லை, பிரசவம் பிலாயிலேயே ஆகட்டும் என்று உன் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தாயே, அன்றையிலிருந்து உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தோல் கம்பெனி பாய்லரையே கட்டி மேய்க்கிற கங்காதரன் வீட்டுல வெந்நீர் இல்லியா, இன்னா பேச்சு இது என்று ஒரே குதி. எங்கேயோ போய் செப்புக்குழாய் வாங்கிவந்து, முறுக்கு சுற்றுகிற மாதிரி சுற்றி, கரியடுப்புக்குள் வைத்து, குளிக்கிற அறையிலேயே மாட்டிவிட்டார். அண்டாவும் இல்லை தொட்டியும் இல்லை மனோ! மேலே வைத்த பீப்பாயிலிருந்து பச்சைத்தண்ணீர் இறங்குகிறது, மறுமுனையில் ஆவி பறக்க வெந்நீர் கொட்டுகிறது! தெருவே வந்து கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அதோடு விட்டாரா மனுஷன்? பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதே என்று, பாய்லர் மூட்டில் ஆவி கசியாமல் வைக்கிற மாதிரி தோலை அறுத்து ஜன்னல் சந்து, கதவு சந்து எல்லாம் அடைத்தார். உனக்கு முன்னால் நான் குளித்துப் பார்க்கிறேன் என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு போனேன். நான்தான் குளிக்கும்போது பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே ஊர்க்கதை பேசுவேனே, உன் அப்பாகூட வாய்க்குப் பூட்டுப் போடு என்பாரே. அன்றைக்கும் பேசினேன். பாதிப் பேச்சில் தலை கிறுகிறுத்தது, கால் துவண்டது, அவ்வளவுதான் ஞாபகம். பூங்காவனம் பேச்சை நிறுத்திட்டாளே, ஏதோ ஆயிட்ச்சு என்று ஹலீமா போட்ட கூச்சலில் அப்பா ஓடிவந்து கதவை உடைத்திருக்கிறார். வாசலில் காற்றுப் பட்டபிறகுதான் கண்ணைத் திறந்தேனாம். அடைத்த அறையில் கரி எரிந்தால் வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்றார் டாக்டர்.

என் பொண்ணு உள்ள இருந்திருந்தா என்று சொல்லிச் சொல்லி உன் அப்பா அழுதார். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அதை உடைக்கப் போனார். நான் விடுவேனா? வெந்நீர் என்ன பாவம் செய்தது, அடுப்பைத் தூக்கி வெளியே போடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அடுப்பு கொல்லையில், குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. தோலெல்லாம் குப்பைக்குப் போயிற்று, ஜன்னல் திறந்தே கிடக்கிறது, உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. நெருப்பு இருக்கும்வரை குழாயை மூடக்கூடாது, ஆவிக்கு வழியில்லாவிட்டால் வெடித்துவிடுமாம். நம் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி அல்லவா, அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பு ஆறியபின் புளி கரைத்து ஊற்றிக் குழாயைக் கழுவுகிறோம். நேற்று அதில் ஆசைதீரக் குளித்தேனடி, என்ன சுகம்!

மாமியாரிடம் வெந்நீர் வந்துவிட்டது என்று மட்டும் சொல், கடிதத்தைக் காட்டாதே. தை பிறந்ததும் மாப்பிள்ளையோடு புறப்பட்டு வா. தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, நீ கேட்டால்தான் பதில் சொல்லுகிற பெண். இங்கே குளிக்கப் போனால் வாயை மூடாதே, மாமியாரைத் திட்டியாவது பேசிக்கொண்டே இரு. நானும் ஹலீமாவும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்போம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
பூங்காவனம்