டார்ச் பிடித்தவள் சொன்னது

ஏரியூர்
5.10.2024

என் வீட்டுக்காரருக்கு ரோசம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் பிள்ளைகள் சுகம். நான் சுகமா என்று கேட்க வேண்டாம்.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் கோபம் பாதியாகிவிடுகிறது. அதனால்தான் எடுப்பதில்லை. முழுசாக எழுதி, மொரப்பூருக்கு வேன் ஓட்டும் மாதுவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாந்தோப்பில் புல் வெட்டிவிட்டு இரண்டு நாளில் வருகிறேன் என்று டிராக்டரோடு போனீர்கள். வாரம் ஓடிவிட்டது. கேட்டால் புல்வெட்டியின் கியர்பாக்ஸ் ஒழுகுகிறது, என்ன ஊற்றுவதென்று யோசிக்கிறோம் என்கிறீர்கள். யார் யார் யோசிக்கிறீர்கள்? தோப்புக்காரி சுசித்ராவும் நீங்களும் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணெயை விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்களாம். மாது சொன்னான். எனக்கு வயிறு எரிகிறது. நம் வீட்டில் அந்தக் கியர் பெட்டியைத் திறந்தால் எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

ரோசம்மாள்


மொரப்பூர்
7.10.2024

அன்பு ரோசு,

உன் கோபம் கிடைத்தது. கூடவே வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாயும் கிடைத்தது.

நீ நினைப்பதுபோல் ஒன்றுமில்லை. சுசித்ராம்மா தோப்பு வேலையெல்லாம் தானே பார்ப்பவர். என்ன மூளை தெரியுமா! நான் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்த சக்கர கிரீஸைப் பார்த்ததுமே சொன்னார்: "இது ரொம்பக் கெட்டிங்க. கியர் பல்லு ஒருவாட்டி வழிச்சுத் தள்ளிட்டா ஓரத்துலயே ஒட்டிக்கும், திரும்பி வராது. பல்லு காஞ்சே ஓடும்." உள்ளே பார்த்தால் அப்படியேதான் இருந்தது. சூட்டில் பல் நீலம் பாய்ந்திருக்கிறது.

தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் ஊற்றுவதுதான் சரி. ஆனால் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய், அது கவ்வியிருக்கும் சுழல்தண்டும் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீல் போட்டாலும் ஆயில் நிற்காது. அதனால் இளகி ஓடுகிற கிரீஸ் ஊற்றலாம் என்கிறார். எனக்கு இது தோன்றவே இல்லை, ரோசு. நாளை தர்மபுரி போய் வாங்கி வருகிறோம்.

உன் ஆரோக்கியராஜ்


ஏரியூர்
9.10.2024

உங்களுக்குத் தோன்றவில்லையா? போன கோடையில் டார்ச் பிடித்துக்கொண்டு நான் என்ன சொன்னேன்? "ஏங்க, இது களி மாதிரி ஓரமா நிக்குது, பல்லுல ஒண்ணுமே இல்லீங்க. கூழாட்டம் எதாச்சும் ஊத்துங்க." அதற்கு நீங்கள் சொன்னது: "நீ வெளிச்சத்த ஒழுங்காப் புடி."

அவள் அழகா என்று மாதுவிடம் கேட்டேன். கேட்க வெட்கப்படவில்லை. ஆமாம் என்றான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் சொன்னபோது காதில் விழாதது அவள் சொன்னதும் மூளையாகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பொறாமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

எதை வேண்டுமானாலும் வாங்கி ஊற்றுங்கள். ஆனால் இதை என் பெண்டாட்டி முன்பே சொன்னாள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தால் வேளைக்குச் சோறு வரும். பேச்சு வராது.

ரோசம்மாள்


மொரப்பூர்
11.10.2024

ரோசு,

அந்தக் கிரீஸை ஊற்றி ஓட்டிவிட்டோம். சத்தம் அடங்கிவிட்டது. பெட்டியில் கை வைத்தால் கை பொறுக்கிற சூடுதான். தோப்பு வேலையும் முடிந்தது.

நீ சொல்லச் சொன்னதைக் காலையிலிருந்து சொல்லப் பார்த்தேன். வாயெடுத்தால் பேச்சு மழைக்கும் மாங்காய்க்கும் போய்விட்டது. மதியம் சுசித்ராம்மா கிரீஸ் டப்பாவை மூடும்போது சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்பறம் ஏங்க அவங்க சொன்னப்பவே செய்யல?"

நான் டிராக்டரைத் துடைக்கப் போய்விட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலை உனக்காவது எழுதலாம் என்று இந்தத் தாளை எடுத்தேன். நாளை காலை கிளம்புகிறேன். ஏன் செய்யவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். வந்ததும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

ஆரோக்கியராஜ்