படிவத்தில் விட்டுப்போன கல்

என் மூத்தவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன், இங்கே நானும் எழுந்து நடமாடுகிறேன். கழுத்து ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது, குரல் இன்னும் கம்மித்தான் இருக்கிறது. குரல் இருந்தாலும், பழைய கதையை ஆரம்பித்துவிட்டாள் என்று போனை வைத்துவிடுவாய், பேத்தி பிறந்தநாளன்று வைத்தாயே, அதனால்தான் காகிதம்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கிறதாம், அது வீங்கினால் எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டுமாம், அது சிறுநீரகத்தில் கல்லாகச் சேருமாம். ஸ்கேனில் இடப்பக்கம் ஒன்று வீங்கியிருந்ததுதான் தெரிந்தது, ஒரு அங்குலம் கீறி அதை மட்டும் எடுத்தால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். உன் தம்பி, நீ வாயைத் திறக்காதே அம்மா என்று என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் படிவத்தைத் தானே நிரப்பினான். குடும்பத்தில் யாருக்காவது என்று கேட்ட இடத்திலெல்லாம் இல்லை இல்லை என்று போட்டுக்கொண்டே போனான். எனக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். டாக்டரிடம் நேராகவே சொன்னேன், என் அம்மாவுக்கு நாற்பது வயதில் சிறுநீரகத்தில் கல், ஐம்பதில் வாளி தூக்கியபோது மணிக்கட்டு முறிந்தது, நடிக்கிறாள் என்று என் அத்தை சொன்னதை நான் இன்னும் விடவில்லை, அண்ணனுக்கு மூன்று தடவை கல், என் மூத்தவளுக்கு விடுதியில் இருக்கும்போது இருபத்திரண்டு வயதிலேயே கல். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா இதை முதல்லயே சொல்லல?" என்றார். "சொல்ல விட்டாத்தானே" என்றேன்.

பரம்பரையாக வருகிற வகை என்றால் ஒன்றை எடுத்தால் போதாதாம், மற்றதும் பின்னாலேயே வீங்குமாம், திறந்த கழுத்தை மறுபடி திறந்தால் குரல் நரம்புக்கு ஆபத்து அதிகமாம். தேதியைத் தள்ளிவைத்து ரத்தத்தை எங்கோ அனுப்பிப் பார்த்தார்கள், பரம்பரைதான். அப்புறம் இரண்டு பக்கமும் திறந்து பார்த்தால் நான்குமே கொழுத்திருந்தனவாம், மூன்றரையை எடுத்துவிட்டு உடம்புக்குக் கொஞ்சம் வேண்டும் என்று அரையை விட்டுவைத்திருக்கிறார். இனி ரத்தத்தில் கால்சியம் குறையலாமாம், உன் தம்பி வேளாவேளைக்கு அதற்கு மாத்திரை எடுத்துத் தருகிறான், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

இப்போது உன் விஷயம். முழங்கால் வலிக்கிறது, எந்நேரமும் அசதி என்று இரண்டு தடவை சொன்னாய், வேலை அதிகம் என்று நீயே காரணமும் சொல்லிக்கொண்டாய். பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். தள்ளிப்போடாமல் ரத்தத்தில் கால்சியம் பார், உனக்கு இருந்தால் பேத்திக்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். அங்கேயும் படிவம் தருவார்கள், இல்லை என்று எழுதிவிடாதே. யாருக்கு எப்போது என்று தெரியாவிட்டால் கூப்பிடு, இந்தக் கம்மிய குரலிலேயே சொல்கிறேன். இந்தத் தடவை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா