பி.பி. நம்பர்

12.7.1997, சனி
கிரெடிட் கார்டு பில் என் ஆபீசுக்கு வந்தது. வீட்டு விலாசம் கொடுக்காத என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான். இருபத்துமூவாயிரத்துச் சொச்சம். வாங்கியது வாஷிங் மெஷினும், கிறிஸ்துமஸுக்கு நாத்தனார்கள் மூன்று பேருக்குப் பட்டும்தான். பில்லில் 'மினிமம்' என்று போட்டிருந்ததைத் தவணை என்று நினைத்து மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்தேன். அக்கவுன்ட்ஸ் முனிரத்தினம் சார் பார்த்துவிட்டு, "இது வட்டிக்கே சரியாப் போயிடும்மா, அசல் அப்படியே நிக்குது" என்றார். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியதில் இரண்டு மாதமாக அதுவும் கட்டவில்லை.

என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. மெஷின் என் போனஸில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

20.7.97, ஞாயிறு
ஆலயத்திலிருந்து வந்து கறி வதக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜெய்னப் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பியூலா, உனக்கு போன்" என்று கூப்பிட்டார். ஊரிலிருந்து அம்மா என்று ஓடினேன். கார்டு கம்பெனியின் வசூல் ஆள்.

"எப்ப கட்றீங்க மேடம்? ஞாயித்துக்கிழமை சார் வூட்ல தானே இருப்பாரு, அவராண்ட பேசட்டா?"

கார்டு அப்ளிகேஷனில் போன் நம்பர் கேட்டிருந்த இடத்தில் அக்கா வீட்டு நம்பரை எழுதி, பி.பி. என்று போட்டது நான்தான். சொந்த போன் இல்லாமல் இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறோம். அக்கா காதில் விழாதது போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். 

29.7.97
இன்று மூன்று தடவை போன். கடைசித் தடவை அக்காவையே திட்டியிருக்கிறான்.

3.8.97, ஞாயிறு
அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போது மட்டும் போன் வராமல் இருந்தால் போதும் என்றேன்.

"அழாத. ஞாயித்துக்கிழமை ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சிடறேன். யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுன்னு வரும். போதுமா?"

போதும் என்றேன். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

9.8.97
பிரஷர் இருக்கிறதாம். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "எதையும் மனசுல போட்டுக்காதீங்க" என்றார். அதற்குத் தனியாக இருபது ரூபாய் வாங்கியிருப்பார் போல.

24.8.97, ஞாயிறு
எப்படி எழுதுவேன்.

விடியற்காலையில் ஆம்பூரில் அக்காவின் அம்மா இறந்துவிட்டார். அக்காவின் தம்பி உமர் காலையிலிருந்து போன் போட்டிருக்கிறார். எங்கேஜ்டு, எங்கேஜ்டு. கடைசியில் பல்லாவரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்ல, அவர் ஸ்கூட்டரில் வந்தபோது மணி இரண்டரை. நாலரை மணி அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். இங்கிருந்து ஆம்பூருக்கு எந்த பஸ் அதற்குள் போகும்?

அக்கா புர்காவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே ஸ்டூல் மேல் ரிசீவர் இன்னும் மல்லாந்து கிடந்தது. நான்தான் போய் எடுத்து வைத்தேன். என் கை வேலை செய்தது, அவ்வளவுதான் தெரியும்.

25.8.97
இவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "எவ்ளோ?" என்றார். சொன்னேன். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "என்கிட்ட மறைக்கத்தான் அந்தம்மா போனை எடுத்து வெச்சாங்களா?" என்றார். கத்தியிருக்கலாம்.

2.9.97
இவர் வேலை செய்யும் மறைமலை நகர் கம்பெனியின் கூட்டுறவு சங்கத்தில் இவர் பெயரில் லோன். கார்டை மொத்தமாக அடைத்து, கத்தரியால் வெட்டினேன். சங்கக் கடனுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு பிடிப்பார்கள். மெஷினை விற்றாயிற்று. துணி துவைக்கக் கை இருக்கிறதே, ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை?

7.9.97
அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டார். போய்க் காலைப் பிடித்தேன். எழுப்பிவிட்டார். "எடுத்து வெச்சது என் கைதானே" என்றார். திட்டவேயில்லை.

6.1.98
நோன்புக் கஞ்சி வந்தது. வருஷா வருஷம் அக்காவே கொண்டுவந்து, உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். இந்த முறை மகள் சபீஹா கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். போன் வந்தாலும் அவள்தான் வருகிறாள், "ஆன்ட்டி, போன்." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் பெயர் கேட்டு எத்தனை நாள் ஆகிறது.

19.6.98
பிரஷர் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் போன் மணி அடித்தால் மட்டும் இன்னும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.

14.3.99, ஞாயிறு
போன மாதம் சங்கக் கடன் தீர்ந்தது. இந்த வாரம் எங்களுக்கே போன் வந்துவிட்டது, பதிவு செய்து வைத்தது இப்போதுதான் கிடைத்தது. நம்பரைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். கடன் முடிந்ததையும் சொன்னேன்.

"நல்லது பியூலா" என்றார். என் பெயரைச் சொன்னார். நம்பரைக் காலண்டரில் எழுதிக்கொண்டார். நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்தார்.

"உங்கம்மா ஊர்ல தனியா இருக்காங்க இல்ல? ராத்திரி படுக்கறதுக்கு முன்ன ரிசீவர் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்க."

வீட்டுக்கு வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் வந்தது. வைத்தேன். சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"யாருக்குப் போன் பண்றே?" என்றார் இவர்.

யாருக்கும் இல்லை என்றேன்.