மரக்காணத்து மணலும் திருகோணமலை மான்களும்

செஞ்சிக் கோட்டையைவிட உயரமான இடத்தில், படி ஏறும் தொல்லையே இல்லாமல் போய்க் குடியேறிவிட்ட என் ராஜேஸ்வரி அக்காவுக்கு,

இலங்கை போய்த் திரும்பிவிட்டேன். நேற்று மத்தியானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். மாலையும் மேளமும் எதிர்பார்த்தேன் என்று வைத்துக்கொள். ஓர் ஆட்டோக்காரர் மட்டும் "பெரியவரே, ஓரமா நில்லு" என்று வரவேற்றார். முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன. உடம்பில் வலிக்காத இடம் எது என்று தேடிப் பார்த்தேன். தலைமுடி ஒன்றுதான். அதிலும் மிச்சம் நாலு.

அக்கா, அலுத்துவிட்டது. பயணத்தால் மட்டும் இல்லை. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் மூன்று வருஷம் சுமந்து திரிந்தேனே, அந்த அலுப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் முதல்முறை இலங்கைக்குப் புறப்பட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் ரேடியோவில் இலங்கையிலிருந்து வரும் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நீ. வாதம் வந்து படுக்கையில் விழுந்தவளும் நீ. "நீயாவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்றா" என்றாய். வெளியூர்ச் சுற்றுலாக் கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொள்ளக் கிளம்பினேன். கடைத்தெருவே திரண்டு வந்து எனக்கு மாலை போட்டது. நானும் சோழன் கப்பற்படை நடத்தப் போவதுபோல் கையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் இலங்கைக்குப் போகவே இல்லை, அக்கா.

பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாசமாவது மிச்சம் இருக்க வேண்டுமாம். எனக்கு மூன்றுதான் இருந்தது. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தனை மாலை வாங்கியவன் அன்று சாயங்காலமே எந்த மூஞ்சியோடு ஊருக்குள் நுழைவான்? நேராக மரக்காணம் போய், உப்பளத்தில் வேலை பார்க்கும் சிநேகிதன் வீட்டில் எட்டு நாள் பதுங்கிக் கிடந்தேன். ஒன்பதாம் நாள் உனக்காக ஒரு சுருக்குப்பை நிறைய மணல் கொண்டுவந்தேனே, "திருகோணமலைக் கடற்கரை மண்ணு" என்று? அது மரக்காணத்து மணல். நீ அதை மேல்மலையனூர் விபூதிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் தினமும் சாயங்காலம் உன் கட்டிலருகே உட்கார்ந்து அளந்தேன். சிகிரியா மலைக்கு நடந்து ஏற வேண்டாம், யானையே துதிக்கையில் தூக்கி உச்சியில் இறக்கிவிடும் என்றேன். திருகோணமலையில் மான்கள் தெருவில் நடந்துவந்து டீக்கடையில் டீ குடிக்கும் என்றேன். "ஏன்டா, சக்கர கம்மியா இருந்தா சண்ட போடுமா?" என்று நீ கேட்டாய். கோணிப்போன வாயால் நீ சிரித்த சிரிப்புக்காக நான் இன்னும் நாலு தீவைக் கண்டுபிடித்திருப்பேன்.

நீ போன பிறகு உன் மகள் செல்வி அந்தச் சுருக்குப்பையோடு வந்து நின்றாள். "மாமா, அம்மா கடைசியா இதத்தான் சொன்னா. மாமன் எங்க எடுத்தானோ அங்கயே போட்டுடணுமாம். கடல் சொத்து நமக்கு வேணாமாம். ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம்." தாலுகா ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, டிக்கெட்டும் எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தாய்மாமன் நான். மறுக்க ஒரு பொய்கூட அன்றைக்கு வாய்க்கவில்லை.

ஏற்கெனவே பார்த்த தேசத்தை முதல்முறையாகப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? செல்வி எதற்கெடுத்தாலும் "இது எந்த ஊரு மாமா?" என்பாள். நான் பெயர்ப்பலகையை ஓரக்கண்ணால் படித்துவிட்டுச் சொல்வேன்.

சிகிரியாவில் யானை தூக்கவில்லை. இரும்புப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். முந்நூறுக்கு மேல் எண்ண மூச்சு இல்லை. குளவி கலையும், சத்தம் போடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்த இடம் அது ஒன்றுதான். நம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பாறை புதிதில்லை. ஆனால் காட்டுக்கு நடுவே ஒற்றைப் பாறை, அதன் வயிற்றில் பூ ஏந்திய பெண்களின் ஓவியம், பாதி வழியில் இரண்டு பிரம்மாண்டமான சிங்கப் பாதங்கள். சிங்கம் விழுந்துபோய் பாதம் மட்டும் மிச்சம். பாதத்தைப் பார்த்து எல்லோரும் சிங்கத்தைக் கற்பனை செய்கிறார்கள். நான் பாதம்கூட இல்லாமல் உனக்கு எத்தனை சிங்கம் காட்டியிருக்கிறேன்!

அங்கிருந்து திருகோணமலை. எங்கள் கார் ஓட்டியவர் யோகன் என்ற அந்த ஊர்த் தமிழர். "ஐயா, முதல் வந்தபோது எங்க தங்கினீங்கள்?" என்று கேட்டார். கடல் பக்கம் என்றேன். "இங்க எல்லாமே கடல் பக்கந்தானே ஐயா" என்று சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோணேசர் கோயில், கடலுக்குள் நீட்டிய பாறைமேல் இருக்கிறது. கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர் நீலமா பச்சையா என்று அதற்கே தீர்மானமில்லை. அந்தப் பாதையில்தான் அக்கா, மான்கள் வந்தன. புள்ளி மான்கள். மனிதர்களுக்கு நடுவே, வரி கட்டும் குடிமக்கள்போல நடந்தன. அதில் ஒன்று ஒரு பெட்டிக்கடைக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. சத்தியமாக. கையில் டம்ளர் ஒன்றுதான் இல்லை.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீ சொன்ன மானு! அம்மா சொல்லச் சொல்ல நான் நம்பல. மாமன் கத உடுறான்னுதான் நெனச்சேன். எல்லாம் நெசந்தானா?" என்று அழுதாள். என் வாழ்நாளில் ஒரு பொய் தானாக உண்மையானது அதுதான் முதல் தடவை. செருப்படி வாங்கினதுபோல் இருந்தது.

சாயங்காலம் கடற்கரையில் அவள் சுருக்குப்பையின் முடிச்சை அவிழ்த்தாள். "எந்த எடம் மாமா? சரியாக் காட்டு." கையை நீட்டி எந்த இடத்தையாவது காட்டியிருக்கலாம். கை எழவில்லை.

"செல்வி, கட்டும்மா அத. இது இந்தக் கடலு மண்ணு இல்ல. மரக்காணம்."

"இன்னா மாமா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். அலங்காரம் எதுவும் இல்லாமல் நான் முழுசாகச் சொன்ன முதல் கதை அது. கேட்டுவிட்டு அவள் பையைக் கட்டினாள். எழுந்து போய் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கண்டியில், புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலில் வெள்ளை உடுத்தியவர்கள் தாமரையும் நீலப் பூவும் ஏந்தி வரிசையில் நின்றார்கள். மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. செல்வி எனக்குப் பத்து பேருக்கு முன்னால் நின்றாள். மலை ரயிலில் தேயிலைத் தோட்டங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போயின. மேகம் பெட்டிக்குள் ஏறி இறங்கியது. அருவி ஒன்று வெள்ளை நூல் மாதிரி தொங்கியது. எதையும் பெரிதாக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தேவையும் இருக்கவில்லை. சுருக்குப்பை அவள் மடியில் இருந்தது.

"எட்டு நாளும் மரக்காணத்துல இன்னா பண்ணிட்டிருந்த?" ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உப்பு மேட்டுல உக்காந்துனு, ஒங்கம்மாவுக்கு இன்னா சொல்றதுன்னு யோசிச்சினு இருந்தேன்."

"எட்டு நாளுமா?"

"யானைக்கு மட்டுமே ரெண்டு நாளு ஆச்சும்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த சுரங்கப்பாதை இருட்டில் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வெளிச்சம் வந்தபோது பையை என் மடியில் வைத்தாள். "எடுத்த எடத்துல போடணும்னுதான் அம்மா சொன்னா. திருகோணமலன்னு சொல்லவே இல்ல மாமா. இப்பத்தான் ரோசன பண்றேன்."

நானும் அதையேதான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டு கிடக்கிறேன். மான் சண்டை போடுமா என்று கேட்டபோதே உனக்குத் தெரியுமா அக்கா? தெரிந்துகொண்டேதான் தினமும் "அப்புறம்?" என்று கேட்டாயா? நான் உன்னை ஏமாற்றினேனா, இல்லை நீ என்னை மூன்று வருஷம் ஆட்டிவைத்தாயா?

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வியும் திண்டிவனம் போய் மரக்காணம் பஸ் ஏறுகிறோம். அள்ளிய இடத்திலேயே மணலைக் கொட்டுவேன். அப்படியே அங்கே உட்கார்ந்து, நிஜமான இலங்கையை உனக்கு ஆதியிலிருந்து சொல்வேன். சத்தியமாக ஒரு சொல் கூட்டமாட்டேன். அந்த மானுக்கு மட்டும் கையில் ஒரு டம்ளர் கொடுத்துக்கொள்கிறேன். சக்கரை கம்மியாக.

உன்னிடம் மாட்டிக்கொள்வதற்கென்றே
உன் பின்னால் பிறந்த தம்பி.